வாங்குவோர் கடனும் தரச்சான்றும்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



விரும்பிய பொருளைப் பற்றிப் பேசுக என்று அறக்கட்டளையினர் எனக்களித்த சுதந்திரத்தை நான் தரமுகாமைத்துவச் சான்று என்னும் விஷயத்துக்குச் செலவிடத் துணிந்தபோது, அது தொழிற்சாலைக்காரர் விஷயமாயிற்றே, வாவிக்கரை மக்களுக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று நண்பர் சிலர் கேட்டனர். தெற்கே கல்லாற்றுப் பகுதியிலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவியில் இரவு பிடிபடும் இறாலும் நண்டும் கொழும்புக்கும், அங்கிருந்து கடல் கடந்த தேசங்களுக்கும் செல்லும் வழியில், இன்று ஏதேனும் ஒரு சான்றிதழ் காவல் நிற்கின்றது. அச்சான்று உள்ள கொம்பனிக்கு வெளிநாட்டுச் சந்தை திறக்கின்றது. இல்லாத கொம்பனிக்கு அடைபடுகின்றது. ஆனால் முதற்கையாக அப்பொருளைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் மனிதர் அச்சான்றைக் கண்டதுமில்லை, அது தம்மைப் பற்றி என்ன சொல்லுகின்றது என்று அறிந்ததுமில்லை. அவர்கள் இருக்கும் இச்சபையே இவ்விஷயத்தைப் பேசத் தகுந்த இடம் என்று கருதினேன்.

நான் நிறுவ முயல்வது ஒரே கருத்து. தரம் என்பது விற்போரிடம் மாத்திரம் குடிகொண்ட குணம் அன்று; வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து, ஐஸிலும் நிறுவையிலும் விலையிலும் காசு கைமாறும் தவணையிலும் நாள்தோறும் உண்டாக்குகின்ற ஒன்று அது. அங்ஙனமிருக்க, விற்போரை மாத்திரம் பரீட்சித்து வாங்குவோரைப் பரீட்சியாது விடும் எந்தச் சான்றும் பாதி உண்மையையே சொல்லும்; அப்பாதியை முழுமையெனக் கொண்டு நடத்தும் வியாபாரத்தில் நஷ்டமெல்லாம் பலவீனமான கையிலேயே வந்து விழும். இதனை ஐந்து பகுதிகளாக விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

1.

சான்று பிறந்த இடத்தை முதலில் நோக்குவோம். 1959ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், தனக்குப் பொருள் வழங்கும் ஆலைகள் கைக்கொள்ள வேண்டிய தர ஒழுங்குகளை மில்-கியூ-9858 என்னும் இலக்கமிட்ட பத்திரமொன்றில் வகுத்தது. பிரித்தானியா 1979இல் பி.எஸ். 5750 என்னும் கட்டளையை வெளியிட்டது. அதனை அடியொற்றி, ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசையைக் கொண்டுவந்தது. இலங்கையில் 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினாலே தோற்றுவிக்கப்பட்ட கட்டளைகள் பணியகம், 1984இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக மாறி, இன்று எஸ்.எல்.எஸ். முத்திரையும் ஐ.எஸ்.ஓ. சான்றும் வழங்கி வருகின்றது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. இக்கட்டளைகளின் மூலவித்து வாங்குவோரின் மேசையிலே விழுந்தது. அதுவும் எளிய வாங்குவோர் அல்லர், ஒரு வல்லரசின் படைத்துறை. தான் சொன்னதைச் செய்ய வேண்டியவன் வழங்குநன் என்னும் அதிகார மனோபாவம் அப்பிறவியிலேயே அதனுடன் ஒட்டிக்கொண்டது. ஆயினும் நான் இச்சான்றுகளுக்குப் பகைவன் அல்லன். பத்து வாங்குவோர் பத்துப் பரிசோதகரை அனுப்பி ஓர் ஆலையைப் பத்துமுறை துருவிக்கொண்டிருந்த நிலையை மாற்றி, இருவருக்கும் பொதுவான மூன்றாம் தரப்பொன்று ஒருமுறை பார்த்துச் சாட்சி சொன்னாற் போதும் என்னும் ஏற்பாடு, முகமறியாத சிறு வழங்குநனுக்கு உலகச் சந்தையின் கதவைத் திறந்துவிட்டது என்பது மறுக்கவொண்ணாத நன்மை. பெயரும் பரம்பரையும் செல்வாக்கும் பார்த்து வாங்கிய காலத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்த ஒருவனுக்கு லண்டனில் யார் சாட்சி?

ஆனால் அந்தச் சாட்சியைப் பரிசோதகர் எவ்வாறு திரட்டுகிறார் என்பதைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரமுகாமைத்துவத்துக்கு எட்டுத் தத்துவங்களை அறிவித்தது; அவற்றுள் எட்டாவது, வாங்குவோருக்கும் வழங்குவோருக்கும் இடையிலான உறவு இரு சாராருக்கும் நன்மை பயப்பதாய் இருத்தல் வேண்டும் என்பது. 2015இல் தத்துவங்கள் ஏழாகச் சுருங்கியபோதும் உறவைப் பேணுதல் என்னும் தத்துவம் நிலைத்தது. இவ்வளவு உயர்ந்த எண்ணத்தை அவர்கள் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களை நான் போற்றுகிறேன். எனினும் தத்துவங்கள் வேறு, சான்றுக்காகப் பரிசோதிக்கப்படும் தேவைகள் வேறு. ஐ.எஸ்.ஓ. 9001 கட்டளையின் 8.4ஆம் பிரிவு, நிறுவனமொன்று தன் வழங்குநர்களை எவ்வாறு மதிப்பிட்டுத் தெரிவுசெய்து கண்காணிக்கின்றது என்று கேட்கும். அவ்வழங்குநர்களுக்கு எத்தனை நாளில் காசு கொடுத்தாய், வாகனம் பிந்தியமையால் அழிந்த பொருளின் நஷ்டத்தை யார் தலையில் சுமத்தினாய் என்று கேட்காது.

2.

இப்பொழுது நமது கரைக்கு வருவோம். இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறேன்.

வாவியின் சேற்று நண்டு உயிருடன் விற்கப்படும் பண்டம். சிங்கப்பூரின் உணவுச்சாலைகளில் இலங்கை நண்டுக்குத் தனிப்பெயர் உண்டு. அவ்வூருக்கு அது விமானமேறிப் போகின்றது. நண்டும் இறாலும் வாங்கும் வாடியின் நிறுவை மேசையில் என்ன நிகழ்கிறதென்று கண்டிருக்கிறேன். கொடுக்குகள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட நண்டை எடுத்து மல்லாத்தி, நடக்கும் கால்கள் உடலோடு பொருந்துமிடத்து ஓட்டைப் பெருவிரலால் அழுத்துவார் வாடிக்காரர். ஓடு நெகிழ்ந்து கொடுத்தால், அண்மையில் சட்டை கழற்றிய நண்டு அது, உள்ளே சதையின்றி நீரே நிரம்பியிருக்கும், ஒதுக்கிவிடுவார். தோணியில் வைத்தே அதே இடத்தை அதே விரலால் அழுத்திப் பார்த்துத்தான் தொழிலாளியும் அதைக் கொண்டுவந்திருக்கிறார். ஒரே பரீட்சையை இருவரும் செய்கின்றனர். ஆனால் மேசைக்கு அப்பாலுள்ள விரலுக்கே தீர்ப்பு உரியது.

அவ்வாறு தேர்ந்த நண்டு ஈரமும் குளிர்ச்சியும் இருளும் உள்ள இடத்தில், நீரில்லாமலும் உயிரோடு இருக்கும். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் சாகும். செத்த நண்டின் சதை விரைந்து கெடுவதால் உயிர்நண்டு வியாபாரத்தில் அதற்கு விலையே கிடையாது. ஏற்றிச்செல்லும் வாகனம் குறித்த நேரத்துக்கு வாராமல், ஈரச்சாக்குகள் காய்ந்து நண்டுகள் இறந்ததை ஒரு நாள் பார்த்தேன். பிந்தியது வாங்கும் கொம்பனியின் வாகனம். எனினும் அக்கொம்பனியின் பதிவேட்டில் அந்நஷ்டம் வழங்குநரின் குறையென்றே எழுதப்பட்டது. தொழிலாளிகளின் கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டது. தரச்சான்று பெற்ற ஸ்தாபனம் அது. அதன் பதிவேடுகள் திகதி தவறாமல், கையொப்பம் தவறாமல் இருந்தன என்பதை நான் ஐயுறவில்லை.

இறாலின் கதை இன்னும் நுட்பமானது. இறால் இறந்தபின் அதன் தலைப்பகுதியிலுள்ள நொதியங்கள் வேலைசெய்யத் தொடங்கி, ஓட்டில் கறுப்புப் புள்ளிகளை உண்டாக்குகின்றன. உடனே ஐஸிலிட்டால் அது தாமதிக்கும்; முதற் சில மணித்தியாலங்கள் தவறிவிட்டால், பின்னர் எவ்வளவு பெரிய குளிரறையில் வைத்தாலும் போன தரம் மீளாது. ஆகவே ஏற்றுமதி இறாலின் தரம் தீர்மானமாகும் இடம் தொழிற்சாலையன்று. விடியற்காலையில் இறால் வலையிலிருந்து கழற்றப்படும் தோணியே அது. அங்கே ஐஸ் உண்டா? ஐஸ் ஆலைகளும் வாகன வழிகளும் பெரும்பாலும் கிழக்கேயுள்ள எழுவான்கரையில். தொழிலாளிகளிற் பலர் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் பாதைப் படகே கதி. குருக்கள்மடம்–அம்பிளாந்துறைப் பாதையிலும் குருமண்வெளி–மண்டூர்ப் பாதையிலும் ரெஜிபோம் பெட்டியைத் தலைச்சுமையாக வைத்துக்கொண்டு காத்து நின்றவர்களுக்கு, அக்காத்திருப்பில் பெட்டிக்குள் ஐஸ் எவ்வளவு நீராகிறதென்பது தெரியும்.

உணவுத்துறையில் வழங்கும் எச்.ஏ.சி.சி.பி. முறையின் தோற்றத்தை இங்கே நினைவுகூர்தல் பொருத்தம். விண்வெளி வீரருக்கு உணவு ஆக்கும் பணியை 1960களில் ஏற்ற பில்ஸ்பரி கொம்பனியார், ஆக்கிமுடித்த உணவைப் பரிசோதித்தே பாதுகாப்பை நிச்சயிப்பதாயின் ஆக்கியதிற் பெரும்பகுதி பரிசோதனையிலேயே செலவாகிவிடும் என்று கண்டு, கேடு எந்தப் படியிற் புகக்கூடுமோ அந்தப் படியையே காவல் காப்பதென்னும் முறையை வகுத்தனர். 1997 டிசம்பரிலிருந்து அமெரிக்கா தன் நாட்டுக் கடலுணவு ஆலைகளுக்கும் தனக்குக் கடலுணவு அனுப்புவோருக்கும் அம்முறையைக் கட்டாயமாக்கியது. அதன் நியாயத்தை அதன் முடிவுவரை கொண்டு சென்றால், காவல் தோணியிலிருந்தே தொடங்கவேண்டும். நடைமுறையிலோ அது பெரும்பாலும் ஆலையின் வாசலிலிருந்து தொடங்குகிறது.

3.

ஏன் அவ்வாசலைத் தாண்டுவதில்லை? பொருளாதார சாஸ்திரம் இதற்கு ஒரு விடை தருகிறது. 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்னும் அமெரிக்க அறிஞர் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை உதாரணமாகக் கொண்டு எழுதிய கட்டுரை, 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்கக் காரணமாயிற்று. வாங்குவோனுக்கு நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாதபோது அவன் இரண்டுக்கும் நடுத்தரமான ஒரே விலையைக் கொடுப்பான்; அவ்விலைக்கு நல்ல பண்டத்தை விற்க மனமில்லாதவன் சந்தையை விட்டு நீங்குவான்; எஞ்சுவது தாழ்ந்த பண்டமே என்பது அதன் சாரம்.

நமது கரையில் இது கண்முன் நடக்கிறது. ஐஸ் வாங்கி, பெட்டி வாங்கி, இறாலை இரவிலேயே குளிர்வித்துக் கொண்டுவருபவருக்கும், தோணியின் அடியிற் குவித்துச் சாக்கால் மூடிக் கொண்டுவருபவருக்கும், பருமன் ஒத்திருந்தால் அன்றைய விலை ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கிறது. அடுத்த நாள் ஐஸுக்குக் காசு செலவிட அவருக்கென்ன பைத்தியமா? நமது தொழிலாளிகளுக்குத் தர உணர்வு இல்லை என்று கருத்தரங்குகளிற் சொல்லுகிறவர்களிடம் நான் கேட்பது இதுவே: தரத்துக்கு எந்நாளாவது விலை கொடுத்துப் பார்த்தீர்களா?

இதற்கு மேல் முற்பணம் என்னும் கட்டு ஒன்று உண்டு. வலைக்கும் இயந்திரத்துக்கும் வாடிக்காரர் முற்காசு கொடுக்கிறார். கொடுத்தவருக்கே பிடித்ததை விற்கவேண்டும். இவ்வழக்கத்தை முற்றாகப் பழிப்பது நியாயமன்று. வங்கி கொடாத காலத்தில் கொடுத்தவர் அவர். மகள் கலியாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் நம்பிக் கேட்கக்கூடியவரும் அவரே. ஆயினும் கட்டுண்ட விற்பனையில் பேரம் கிடையாது. பேரம் இல்லாவிடத்துத் தரத்துக்குத் தனிவிலை கேட்கும் வாய்ப்பும் கிடையாது.

அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதும் இதனோடு சேர்ந்த வினா. நெல்லுக்கும் இதுவே நிலை. நெல் சந்தைப்படுத்தும் சபை உலர்ந்த நெல்லுக்கு வகுத்த வரம்பு 100க்கு 14 பங்கு ஈரப்பதன். பல்லில் ஒரு மணியைக் கடித்து, அது உடையும் ஓசையைக் கொண்டே காய்ச்சலைச் சொல்லும் விவசாயிகள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களின் அநுபவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் களஞ்சிய வாசலில் பேசுவது ஈரப்பதன் மானியின் இலக்கம், அம்மானி வாங்குவோருடையது. அது பிழை காட்டுகிறதென்று விவசாயிக்குச் சந்தேகம் எழுந்தால், ஒத்துப் பார்க்க அவரிடம் இன்னொரு மானி இல்லை. இருவருக்கும் பொதுவல்லாத அளவுகோலைப் பிரமாணம் என்று எவ்வாறு சொல்வது?

போர்க்காலம் இந்நிலையை இன்னும் கெடுத்தது. 1980களில் வாவியோரத்தில் இறால் பண்ணைகள் எழுந்தன. உள்ளூர் இளைஞர் அங்கே வேலைசெய்தனர். வாங்குவோரும் விளைவிப்போரும் ஒரே வரம்பில் நின்ற காலம் அது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவுப் பண்ணையில் தொழிலாளரும் அயலவரும் கொல்லப்பட்ட துயரத்தை இங்குள்ள மூத்தோர் யாரும் மறந்திலர். அதன்பின் நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளும். நாளை வீதி திறந்திருக்குமா என்று அறியாதவிடத்து எந்த வாங்குவோனும் நீண்டகால உறவை நாடான். அன்றைய பண்டத்தை அன்றே வாங்கி அகன்றுவிடவே பார்ப்பான். அமைதி திரும்பிய பின்னரும் அக்காலத்தில் படிந்த வழக்கம் வியாபாரத்தில் இன்னும் கலையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

4.

சான்றினை மாத்திரம் நம்பினால் நேரக்கூடியது யாது? வைகாசி மாதத்தில் நமது கண்ணகியம்மன் கோவில்களிற் பாடக் கேட்கும் வழக்குரைக் கதையை எண்ணிப் பாருங்கள். அரசன் கொடியவன் அல்லன். தன் நலம் கருதிய பொற்கொல்லனின் வாக்கை ஆராயாமற் சான்றாகக் கொண்டதே அவன் செய்த பிழை. இன்றைய தரச்சான்று முறையில் சான்று வழங்கும் ஸ்தாபனத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் பரிசோதிக்கப்படும் கொம்பனியாரே. இதனால் எல்லாச் சான்றும் பொய் என்று ஆகாது. இக்குறையை உணர்ந்தே, சான்று வழங்குவோரையும் பரீட்சித்து அங்கீகரிக்கும் சபைகள் தேசந்தோறும் ஏற்பட்டன. இலங்கையிலும் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அத்தகைய சபையொன்று அமைந்தது. ஆயினும் சாட்சிக்கும் சாட்சி தேடவேண்டிய நிலை, சாட்சியத்தை மட்டும் நம்பக்கூடாதென்பதையே உணர்த்துகிறது.

2012 செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சி நகரில் அலி என்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அது தீவைப்பு என்று பின்னர் நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் கம்பியிட்ட ஜன்னல்களாலும் அடைபட்ட வழிகளாலும் உள்ளிருந்தோர் வெளியேற முடியாமற் போனதற்குத் தீவைத்தவன் மட்டும் பொறுப்பாளி அல்லன். அத்தொழிற்சாலைக்கு, தொழிலாளர் நலன் பற்றிய எஸ்.ஏ. 8000 என்னும் சர்வதேசச் சான்று சில வாரங்களுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்தது. அதன் உற்பத்தியிற் பெரும்பங்கை வாங்கியது ஒரு ஜெர்மனியக் கொம்பனி. கதவு பூட்டியிருந்ததை நாள்தோறும் அறிந்தவர் உள்ளே வேலைசெய்த பெண்களும் ஆண்களும். அவர்களோடு உறவு இல்லாத வாங்குவோருக்கு அது எவ்வாறு தெரியும்?

நமது நாட்டு அநுபவமும் ஒன்று உண்டு. பிடித்த மீன் சட்டத்துக்கு அமைந்தே பிடிக்கப்பட்டது என்னும் பிடிப்புச் சான்றை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கோரியது. இலங்கைப் படகுகள் ஆழ்கடலில் விதிமீறி மீன்பிடிப்பதைத் தடுக்க அரசு போதியன செய்யவில்லையென்று 2012இல் எச்சரித்து, 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்து, 2015 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. 2013இல் மாத்திரம் 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான சூரையும் வாள்மீனும் இலங்கையிலிருந்து அச்சந்தைக்குச் சென்றிருந்தன. விதிமீறிய படகும் விதி காத்த படகும், வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போய்வந்த பலநாட் படகுகளும், ஒன்றாகவே வெளியில் நிறுத்தப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி, சட்டங்களைத் திருத்திய பின்னரே 2016 ஜூனில் தடை நீங்கியது. தடை நியாயமற்றது என்று நான் வாதிக்கவில்லை. கடல் எல்லோருக்கும் உரியது. ஆனால் தேசத்துக்கு ஒரே சான்று என்னும் முறையில், ஒழுங்காக நடந்த படகோட்டியின் ஒழுக்கத்துக்கு ஓர் இலக்கமோ ஒரு வரியோ கிடையாது. அதனால் அவர் ஒழுக்கம் விலையாக மாறவில்லை.

5.

இனி, வேறு வழி உண்டா என்னும் வினா. உண்டு, அதை நடந்து காட்டியவர்களும் உண்டு.

1950இல் ஜப்பானுக்குச் சென்று விரிவுரையாற்றிய எட்வர்ட்ஸ் டெமிங், பிற்காலத்தில் வகுத்த பதினான்கு நெறிகளுள் மூன்றாவது, பரிசோதனையை நம்பித் தரத்தை நாடுவதை ஒழி என்பது. நான்காவது, விலைச்சீட்டை மாத்திரம் பார்த்து வாங்காதே, வழங்குநரோடு நீண்டகால விசுவாசம் கொள் என்பது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று. பரிசோதனை குறைய வேண்டுமானால் நம்பிக்கை வளரவேண்டும். நம்பிக்கை வளரவேண்டுமானால் நாளையும் வாங்குவேன் என்னும் உறுதி வேண்டும்.

சென்னையிலுள்ள சுந்தரம் பாசனர்ஸ் 1990இல், இந்தியாவில் முதன்முதலாக ஐ.எஸ்.ஓ. 9000 சான்று பெற்ற நிறுவனமெனப் பெயர் பெற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது பின்னர் நிகழ்ந்தது: ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்த தன் ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரத் தொகுதியை 1992இல் அந்நிறுவனத்துக்கு விற்று, அம்மூடிகளை அவர்களிடமிருந்தே வாங்கத் தலைப்பட்டது, 1996 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் சிறந்த வழங்குநருள் ஒருவராக அவர்களைக் கௌரவித்தது. சான்று கதவைத் தட்ட உதவியது. இயந்திரத்தையே ஒப்படைக்கத் துணிந்த வாங்குவோரால் உறவு உண்டாயிற்று.

அது பெருங்கொம்பனிகளின் கதை என்பீர்கள். நீலக்கால் நண்டின் கதை நமக்கு அணித்தானது. நண்டுச்சதை இறக்குமதி செய்யும் அமெரிக்கக் கொம்பனிகள் பல 2009இல் ஒரு குழுவாய்க் கூடி, வளராத சிறு நண்டைத் தாம் வாங்குவதில்லையென்று உறுதிபூண்டு, நண்டு பிடிபடும் தேசங்களில் வளம் காக்கும் முயற்சிகளுக்குப் பணமும் திரட்டின. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் முன்னின்று நடத்திய திட்டம் அவ்வழியில் எழுந்தது. வாங்குவோர் தம்மையே ஒரு விதிக்கு உட்படுத்திக்கொண்டனர் என்பதே இதில் நான் காணும் சிறப்பு. சிறு நண்டைப் பிடிக்காதே என்று தொழிலாளிக்குக் கட்டளையிடுவது எளிது. வாங்கமாட்டேன் என்று தனக்கே கட்டளையிடுவது கடினம். ஆயினும் பிடிப்போர் கை நிற்பது பின்னதற்குத்தான்.

வாவிக்கரையில் இதைச் செய்வதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. உள்ள கட்டளையிலேயே ஒரு பிடி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9001இன் 8.4.3ஆம் பிரிவு, வழங்குநரிடம் எதிர்பார்ப்பதை அவருக்கு முறையாக அறிவித்தல் நிறுவனத்தின் கடமை என்கிறது. அவ்வாறாயின், இறால் வாங்கும் கொம்பனி தன் எதிர்பார்ப்பை யாருக்கு, எந்தப் பாஷையில், எந்தக் காகிதத்தில் அறிவித்தது என்று ஆண்டாய்வுக்கு வரும் பரிசோதகர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எங்கள் வழங்குநர் வாடிக்காரர், அவருக்கு அறிவித்துவிட்டோம் என்று கொம்பனியார் சொல்லக்கூடும். உணவின் வழித்தடம் குறித்த ஐரோப்பிய விதியும் 2005 முதல் ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் அறிந்திருந்தாற் போதுமென்றே கேட்பதால், அவ்விடை சட்டப்படி செல்லும்; தோணியிலிருப்பவர் இரண்டாம் படியில் மறைந்துபோவார். அவர் மறையாதிருக்க ஒரு வழி, மீனவர் கூட்டுறவுச் சங்கமே அந்த ஒரு படியாகி நிற்பது.

அவ்வாறு நிற்கும் சங்கம் கொம்பனியாரோடு எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையில் ஐந்து வாசகங்கள் இருத்தல் வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன். தொழிலுக்குப் போகுமுன் ஐஸும் பெட்டியும் வாங்குவோர் பொறுப்பிற் கரைக்கு வந்து சேர வேண்டும். நிறுவையும் வெப்பமானியும் சங்கத்தின் உடைமையாய் இருந்து, இரு சாராரும் பார்க்க அளக்கப்படவேண்டும். குளிர்ந்த இறாலுக்கும் குளிராத இறாலுக்கும் வேறு விலை அங்கேயே எழுதப்படவேண்டும். நண்டு கைமாறிய நேரம் குறிக்கப்பட்டு, அதன்பின் இறந்த நண்டின் நஷ்டம் கையேற்றவரைச் சேரவேண்டும். காசு கொடுக்கும் தவணை நாட்கணக்கிற் சொல்லப்படவேண்டும்.

இவற்றுள் நான்காவதையே கொம்பனியார் அதிகம் எதிர்ப்பர் என்று எண்ணுகிறேன். ஆயினும் சிங்கப்பூரில் நண்டை எண்ணிப் பெறுபவர், இறந்ததற்குக் காசு கொடுக்கமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லும்போது அதே நியாயத்தை அவர்கள் ஏற்றுத்தானே வியாபாரம் செய்கிறார்கள்? அங்கே நியாயமாய் இருப்பது நமது பாலமீன்மடுக் கரையில் அநியாயம் ஆகாது.

உடன்படிக்கை எழுதுமுன் ஆதாரம் வேண்டும். வாகனம் வந்த நேரம், ஐஸ் வந்த நேரம், தள்ளிய நண்டின் தொகை, தள்ளியதற்குச் சொல்லிய காரணம், காசு வந்த திகதி ஆகிய ஐந்து கட்டங்கள் கொண்ட குறிப்பேடொன்றைச் சங்கங்கள் தமிழில் வைத்து, ஒரு மீன்பருவம் முழுவதும் எழுதிவந்தால், பரிசோதகரின் முன்னே கொம்பனியின் பதிவேட்டோடு அதுவும் ஒரு பதிவேடாய் வைக்கப்படலாம். எழுதுவதற்கு வர்த்தகம் படிக்கும் மாணவர் துணைநின்றால் தொழிலாளிகளுக்குச் சுமை குறையும். அவ்வாறு துணைநிற்க விரும்புவோர், கூட்டம் கலையுமுன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சங்கச் செயலாளர்களிடம் தம் பெயரையும் ஊரையும் கொடுத்துச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன். படுவான்கரை மாணவரின் பெயர்கள் முதலில் வரட்டும். அங்கேதான் குறிப்பேடு முதலில் தேவைப்படுகிறது.